தலைகீழாகக் கட்டிய கம்பிகள்

அப்பாவுக்கான நினைவுப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து திரும்பினால், வீட்டு வாசலில் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. அன்னூரிலிருந்து பஸ் ஏறி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். அவள் பக்கத்தில், பருத்திக்கொட்டைச் சாக்கில் பொதிந்து கயிறு சுற்றிய ஏதோ ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. ஏறக்குறைய என் இடுப்பு உயரம்.

“என்னங்கத்தை இது?”

“உங்கொப்பனோடது, கண்ணு. எங்கூட்டு அட்டாலிப் பரண் மேல கிடந்துச்சு. உங்கிட்டச் சேத்திப்போட்டா எனக்கு நிம்மதி. பஸ்ஸுல கண்டக்டரு கடப்பாரையாங்கன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிப்போட்டேன்.”

கயிற்றை அறுத்துச் சாக்கை உருவினேன். முதலில் ஒரு மரக் கழுத்து வந்தது. அதன் தலையில் துருப்பிடித்த ஆறு முறுக்காணிகள். பிறகு, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் வார்னிஷ் அடித்த, இரண்டு கொம்பு முளைத்த உடம்பு. எலக்ட்ரிக் கிடார்.

யாரோ நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளியது போலிருந்தது. அப்பா கருமத்தம்பட்டிப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் கடைசிவரை வாத்தியாராக இருந்தவர். ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டு தொடங்கினால் குமிழைத் திருகி அணைப்பவர். பூசையில் ஊரே பாடும்போது வாய் திறக்காமல் பீடத்தைப் பார்த்து நிற்பவர். எங்கள் வீட்டில் யாரும் விசில் அடித்ததில்லை. மேசையில் தாளம் தட்டியதில்லை. அந்த மனிதனுக்கு ஒரு கிடார். அதுவும் கரண்டில் பாடுகிற கிடார்.

“அத்தை, நெசமாலுமே அப்பாவோடதா?”

“பின்ன என்னோடதா? நான் மேடையேறி வாசிச்சனாக்கும்!” என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். வீடு முழுக்க உறவுக்காரர்கள். சாப்பாட்டுப் பந்தியும் பாத்திரச் சத்தமுமாக இருந்த அந்தப் பகலில் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை. எங்களுக்கு ஒரே மகள், நாலு வயது. அவளுக்கு இடக்கைப் பழக்கம். சோறு மட்டும் அடித்துப் பழக்கி வலக்கைக்கு வந்துவிட்டது. மற்றதெல்லாம், சாக்பீஸ் பிடிப்பது, கதவு திறப்பது, பூனையைத் தடவுவது, கன்னத்தில் முத்தம் வாங்கிய இடத்தைத் துடைப்பது, எல்லாமே இடக்கை. ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியதே அதைப் பற்றித்தான். என் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: “பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள புள்ளைக்குக் கையை மாத்தீரு, அம்மணி.”

சாகப்போகிறவர் கேட்டது. மனைவி அதை நேர்ச்சை மாதிரி எடுத்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் ஒரு கைக்குட்டையால் குழந்தையின் இடக்கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டி, வலக்கையில் சாக்பீஸைக் கொடுத்து உட்கார வைப்பாள். சுவர் முழுக்க மயிலும் லாரியுமாகக் கிறுக்கித் தள்ளிய குழந்தை, சிலேட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது அவள் பேச்சு தட்ட ஆரம்பித்தது. “த... த... தண்ணி.” முதல் எழுத்தில் கால் இடறி, எழுந்து, மறுபடி இடறி.

“இது போதும். அவுத்து உட்டுரு” என்றேன் ஒரு நாள்.

“உங்களுக்கு மாமா கட்டலையா? நீங்க நல்லாத்தான இருக்கறீங்க?”

கட்டினார். என்னையும் கட்டினார். நாற்காலி முதுகோடு சேர்த்து, துண்டால், இறுக்காமல். வலித்தால் சொல்லு என்று கேட்டபடியே கட்டுவார். நான் வலக்கைக்காரனாக மாறி, எழுதி, படித்து, வேலைக்கும் வந்தேன். நன்றாகத்தான் இருக்கிறேனா? எனக்குத் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வியை வைத்துக்கொண்டு செத்தவரின் பேச்சை எப்படித் தட்டுவது? கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கிடாரைத் தூக்கிக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போனேன்.

அங்கே ஆர்மோனியமும் ரேடியோவும் பழுதுபார்க்கிற ஒரு பாய் இருந்தார். தனக்குத் தெரியாத சாமான் உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவர். கிடாரைத் தட்டினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“ஜெர்மனி தம்பி. சந்தேகமே வேண்டாம். வெள்ளைக்காரச் சாமியார் யாராச்சும் குடுத்திருப்பாங்க. எங்க அத்தா இந்த மாதிரி நாலு பாத்திருக்காரு.”

ஜெர்மனி! கேட்டதும் எனக்குள் ஒரு கப்பல் கிளம்பியது. பனி, துறைமுகம், தாடி வைத்த பாதிரி, அவருக்கு முன்னால் அரைக்கால் சட்டையோடு நிற்கிற அப்பா. அந்தக் கப்பல் கரை சேர்வதற்குள் பாய் பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் எட்டிப் பார்த்தார்.

“இது ஜெர்மனி இல்லீங்க தம்பி” என்றார். “பீளமேடு.”

பூவரச மரத்தை உளியால் குடைந்திருந்தது. கம்பிகள் வந்து சேர்கிற பாலம் அலுமினிய வார்ப்பு. அதில் பீளமேட்டு வார்ப்புப் பட்டறை மணலின் பொத்தல்கள் அம்மைத் தழும்பாகத் தெரிந்தன. சத்தத்தைப் பிடிக்கிற கம்பிச்சுருளான காயிலை மூடியிருந்த தகடு, பால்பவுடர் டப்பாவை வெட்டித் தட்டியது. முறுக்காணிகளும் கழுத்தும் மட்டும் கல்கத்தாச் சரக்காக இருக்கலாம் என்றார் பாய். மற்றதெல்லாம் நம்மூரில் எவனோ கையால் செய்தது.

எவனோ. அப்போதுதான் அந்த டப்பாத் தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகளைப் பார்த்தேன். கழற்றாமல் விட்டிருந்தவை. ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள வெட்டு, ஒன்றுகூடப் பிசகாமல், மேலிருந்து கீழாக நேராக நின்றது. எங்கள் வீட்டு சுவிட்ச் போர்டுகள் எல்லாவற்றிலும் திருகாணிகள் அப்படித்தான் நிற்கும். கோணலாக நின்றால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பை ஸ்க்ரூடிரைவரை எடுத்து நேராக்கிவிட்டுத்தான் காபி குடிப்பார்.

வாங்கியதில்லை, யாரும் கொடுத்ததில்லை. அவரே செய்தது. கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் டீ சொன்னார்.

காயில் செத்திருந்தது. காந்தத்தைச் சுற்றிய கம்பி எங்கோ உள்ளே அறுந்திருந்தது. கோயம்புத்தூரில் கம்பி சுற்றுகிறவர்களுக்கா பஞ்சம்? கணபதிப் பகுதியில் எனக்குப் பழக்கமான மோட்டார் வைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

“ஏனுங்க, இது எத்தன எச்.பி.ங்க?”

“பாட்டு பாடறதுங்க.”

“நம்ம மோட்டாருந்தான் பாடுது, பேரிங் போனா.” கம்பியின் நுனியைக் கண்டதும் அவர் முகம் மாறியது. “இது தலமுடியாட்ட இருக்குது. தும்முனா அந்துபோயிருமுங்க.” ஆனாலும் விடவில்லை. எங்கிருந்தோ அந்தக் கம்பியைத் தேடிப்பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி முடித்து, பம்பு மோட்டாருக்குச் செய்வது போலவே வார்னிஷில் முக்கி, நூறு வாட்ஸ் பல்புக்கு அடியில் காயவைத்துக் கொடுத்தார்.

அதை மாட்டியதும் பாய் தன் வேலையைத் தொடங்கினார். கிடாரை மடியில் வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

“செஞ்சவனுக்குக் கை சுத்தம், மூளை கலங்கல். பாருங்க தம்பி. மேல இருக்கவேண்டிய தடிக் கம்பியக் கீழ கட்டியிருக்கான். கீழ இருக்கவேண்டிய மெல்லிசுக் கம்பி மேல. சத்தம் கூட்டற திருகு ரெண்டும் மேல்பக்கம் வச்சிருக்கான், வாசிக்கற கை போய் இடிக்கும். தோள்வார் மாட்டற ஆணி தப்பான கொம்புல. எல்லாமே உல்டா!”

எனக்கு அவமானமாக இருந்தது. அவ்வளவு நேர்த்தியாகத் திருகாணி முடுக்கிய ஆள், ஒரு கிடார்ப் படத்தைக்கூடப் பார்க்காமல் செய்திருக்கிறாரே.

“சரி பண்ணிருங்க, பாய்.”

“கவலைய விடுங்க. ஓட்டைய அடைச்சு, திருகைக் கீழ மாத்தி, ஆணியப் புடுங்கி அந்தக் கொம்புல அடிச்சு, கம்பியெல்லாம் நேராக்கித் தர்றேன்.”

புதுக் கம்பிகளை ‘நேராக’ மாட்டியும் பார்த்தார். தடிக் கம்பி கழுத்தில் இருந்த சின்னப் பள்ளத்தில் இறங்க மறுத்து மேலேயே நின்றது. மெல்லிய கம்பி பெரிய பள்ளத்தில் விழுந்து கறகறத்தது. அரத்தால் ராவிவிடலாம் என்றார். துளை போடுவதற்கு முன்னால் பழைய வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டால் நல்லது, அதை நான் வீட்டிலேயே செய்து கொண்டுவருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடத்தில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, கிடாரைக் கிடத்தி, உப்புத்தாளோடு உட்கார்ந்தேன். எதிர் மூலையில் மனைவி குழந்தைக்குக் கை கட்டிக்கொண்டிருந்தாள். ஃபேன் சுற்றியது. குழந்தை “அ... அ...” என்றாள், அம்மா என்று சொல்ல வருகிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது, இருவரும் நிமிரவில்லை.

தேய்க்கத் தொடங்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். உடம்பின் கீழ் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் வார்னிஷே இல்லை. பெயர்ந்து போனது போலத் தெரியவில்லை, கரைந்திருந்தது. ஒரு முழங்கையின் அகலத்துக்கு, பல காலம் வேர்வை பட்டுப் பட்டு, மரம் கண்ணாடியாக வழவழத்தது. வாசிக்கிறவன் முன்னங்கை தங்கும் இடம். ஆனால் முன்னங்கை மேல் விளிம்பில் அல்லவா தங்கும்? கீழ் விளிம்பில் கையை வைத்து எவன் வாசிப்பான்?

கிடாரைத் தூக்கினேன். மடியில் வைத்தேன். பிறகு, ஏன் என்று தெரியாமல், கழுத்து வலப்பக்கம் போகும்படி அதைத் திருப்பினேன்.

கீழ் விளிம்பு மேலே வந்தது. என் இடது முன்னங்கை அந்த வழவழப்பில் போய் உட்கார்ந்தது, அளவெடுத்துத் தைத்தது மாதிரி. திருகுகள் கீழே போய் இடக்கை விரல்களுக்கு எட்டின. தோள்வார் ஆணி சரியான கொம்புக்கு வந்தது. பாய் சொன்ன தப்புகள் ஒவ்வொன்றாகச் சரியாயின, கம்பிகளைத் தவிர. கம்பிகளை நாங்கள்தான் கெடுத்திருந்தோம்.

உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து அப்படியே நின்றது. அந்த வழவழப்பில் உப்புத்தாள் ஒரு தடவை ஓடியிருந்தால் போயிருக்கும். எல்லாம் போயிருக்கும்.

“என்னாச்சுங்க? ஏன் இப்படி வேர்க்குது?” என்றாள் மனைவி.

“அப்பா பீச்சாங்கை.”

“என்ன பேசறீங்க? மாமா எழுத்து அச்சு மாதிரி இருக்கும். எந்தக் கையில எழுதுனாருன்னு ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியும்” என்றேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அன்னூருக்கு பஸ் ஏறினேன். அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து, தையல்காரருக்காக ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டபோதும் ஊசி நிற்கவில்லை.

“ஆமா, பீச்சாங்கைதான். அதுக்கென்ன இப்போ?”

“நீங்க ஒருநாளும் சொல்லலையேங்கத்தை.”

“நீ ஒருநாளும் கேக்கலையே.” பல்லால் நூலைக் கடித்தாள். “உங்கொப்பன் வாத்தியாரு ஆவறதுக்கு முன்ன பீளமேட்டுல வார்ப்புப் பட்டறைக்குப் போயிட்டிருந்தாரு. அங்கதான் செஞ்சாரு. கலியாண ஊட்டுல எல்லாம் போயி வாசிப்பாங்க, நாலஞ்சு பசங்க. கோட்டு வேற, வாடகைக் கோட்டு. அப்பறம் பள்ளிக்கூடத்து வேலைக்குக் கூப்புட்டாங்க. போர்டுல எழுதிக் காட்டச் சொன்னாங்களாம். இவரு பீச்சாங்கையில சாக்பீஸ் எடுத்திருக்காரு. உள்ள இருந்தவிய சிரிச்சுப்போட்டாங்க. கையை மாத்திக்கிட்டு வா, அடுத்த வருசம் பாக்கலாம்னு அனுப்பிப்போட்டாங்க.”

“இதுக்கா?”

“இதுக்கான்னு கேக்கற! நம்ம தாத்தன் பாட்டன் பண்ணாடி தோட்டத்துல களை வெட்டுனவிய. பண்ணாடி ஊட்டுல மோர் ஊத்துனாக்கூட ரெண்டு கையும் ஏந்தோணும். பீச்சாங்கைய மட்டும் நீட்டிப்போட்டா அன்னைக்கு முதுகு பழுத்துரும். களை வெட்டுன ஊட்டுப் பையன் வாத்தியாரு வேலைக்கு நிக்கறான். அதுலயும் பீச்சாங்கைன்னா உடுவாங்களா? வருசம் முச்சூடும் எழுதிப் பழகுனாரு. சுவத்துல கரியில எழுதுவாரு, மண்ணுல குச்சியில எழுதுவாரு. பீச்சாங்கைய இடுப்புக் கயித்துல நான்தான் கட்டி உடுவேன். இறுக்கிக் கட்டு புள்ளேம்பாரு.”

“அப்பறம் கிடார்?”

“வேல கெடைச்ச பொறகு ஒருநா அதைத் தூக்கிட்டு இங்க வந்தாரு. கோட்டு இல்ல, வெள்ள வேட்டி. கிடாரை எடுத்து சோத்துக்கையில வாசிச்சுப் பாத்தாரு, வரலை. திருப்பிப் புடிச்சுப் பீச்சாங்கையில வாசிச்சுப் பாத்தாரு. அதுலயும் வரலை.” ஊசி அப்போதுதான் நின்றது. “ரெண்டு கையையும் இப்படி முன்னால வெச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. அப்பறம் அட்டாலி மேல போட்டுட்டுப் போயிட்டாரு. தூக்கிப் போட்டுரட்டுமாண்ணான்னு கேட்டா, வேண்டாம் இருக்கட்டும்னாரு.”

தெருவில் ஒரு லாரி போனது. தூசி வந்து எங்கள் மேல் படிந்தது. அதற்குள் அத்தை அடுத்த ஜாக்கெட்டை எடுத்துவிட்டாள்.

“அது கெடக்கட்டும். புள்ளைக்கு இன்னும் கையை மாத்தலையா? பள்ளிக்கூடம் தொறக்கப்போவுதே.”

நான் அவளையே பார்த்தேன். கேலி செய்கிறாளோ என்று முகத்தில் தேடினேன். இல்லை.

“அத்தை, இத்தனையும் சொல்லிப்போட்டு நீங்களே இப்படிக் கேக்கறீங்களே!”

“கேக்காம? அவரு மாத்துனதாலதான் நீ பேண்டு போட்டுட்டு ஃபேனுக்கடியில உக்காந்து சம்பளம் வாங்கற. கிடார் வாசிச்சிட்டிருந்தா வாங்குவியா? பேசறான் பாரு.”

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பருத்திக் காடும் சோளத் தட்டும் ஓடின. அவள் சொன்னது உண்மை, உண்மை என்று சக்கரம் சொல்லிக்கொண்டே வந்தது. உண்மையாக இருந்தும், பாவாடை நாடாவோடு கட்டிய அந்தக் கைக்குட்டை கண்ணிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோர், பண்ணாடி, கரி, இடுப்புக் கயிறு. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அதனாலதான் மாத்தச் சொன்னாருங்க. பட்டவருக்குத்தான் தெரியும்” என்றாள். கடைசியில், கை மாறிய பிறகு கிடார் எந்தக் கையிலும் வரவில்லை என்பதைச் சொன்னேன். அவள் தலையாட்டுவதை நிறுத்தினாள். எழுந்து போய்ச் சமையல்கட்டில் வெகுநேரம் ஒரே டம்ளரைக் கழுவினாள். அன்றைக்கும் மறுநாளும் அதற்குப் பிறகும் கைக்குட்டை எடுக்கப்படவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப எடுத்துவிடுவாளோ என்று பயம்.

பாயிடம் போய்த் துளை எதுவும் போட வேண்டாம் என்றேன். கிடாரைத் திருப்பிப் பிடித்துக் காட்டியதும் அவர் அரத்தை மேசையில் போட்டார்.

“யா அல்லா! ராவித் தொலைச்சிருப்பனே, தம்பி.” உடனே சமாளித்துக்கொண்டார். “எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம்தான்.”

கம்பிகளைப் பழையபடி தலைகீழாகக் கட்டினார். பக்கத்து மைக்செட் கடையிலிருந்து ஆம்ப்ளிஃபையரை இரவல் வாங்கி வயரைச் செருகினார். தனக்கு இந்தப் பக்கம் வராது என்று என்னிடமே நீட்டினார். எனக்கு எந்தப் பக்கமும் வராது. இடக்கைக் கட்டைவிரலால் தடிக் கம்பியை ஒரு தட்டு தட்டினேன். கோட்டைமேட்டுச் சந்தில் ஆடு ஒன்று துள்ளி ஓடியது. அவ்வளவு பெரிய சத்தம். அப்பாவுக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இருந்ததா? அது என் நெஞ்செலும்பில் நின்று மெல்ல அடங்கியது.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள். தலைமை ஆசிரியை ஒரு சிஸ்டர். மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நாங்கள் இருவரும், நடுவில் எண்ணெய் வழிய வாரிவிட்ட தலையோடு மகளும். சிஸ்டர் பென்சிலை எடுத்து நேராகக் குழந்தையின் வலக்கையில் வைத்தார்.

“ஏதாவது எழுதிக் காட்டு, கண்ணு.”

நான் பேச வாய் திறந்தேன். வரவில்லை. சின்ன வயசு நாற்காலி, துண்டு, எல்லாம் வந்து என் நாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டன. மனைவிதான் கையை நீட்டி, குழந்தையின் விரல்களுக்குள்ளிருந்து பென்சிலை மெல்ல உருவி மேசை நடுவில் வைத்தாள்.

“அவளே எடுக்கட்டுங்க, சிஸ்டர்.”

பென்சில் மேசையில் கிடந்தது. குழந்தை அதைப் பார்த்தாள். அவள் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. வலக்கை வரவில்லை. இடக்கையும் வரவில்லை. தாமதித்துவிட்டோம், முடிந்துவிட்டது, இவளுக்கும் இரண்டும் போய்விட்டது. சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். வராந்தாவில் ஏதோ ஒரு குழந்தை அலறி அழுதது.

பிறகு இடக்கை மெல்லக் கிளம்பியது. மேசை விளிம்பில் வந்து நின்றது. பென்சிலைத் தொடவில்லை, அதற்கு முன்னால் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்க்கிற பார்வை. என் வீட்டில், என் கண்ணெதிரில், ஒரு கோடைக்குள் அதை அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

“எழுது, சாமி” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

எடுத்தாள். காகிதத்தில் ஒரு கோடு இழுத்தாள், கோணலாக, நடுங்கி.

“எடக்கையா?” என்றார் சிஸ்டர். “பரவால்ல, சின்ன வயசுதான். நாங்க மாத்திருவோம்.”

“மாத்த வேண்டாமுங்க” என்றாள் மனைவி. வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. “எடக்கைதானுங்க. அப்படியே சேத்திக்கறதுன்னா சேத்திக்குங்க.”

சிஸ்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பேச்சு எதையும் கவனிக்காமல், குழந்தை இரண்டாவது கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.